ரோமிலிருந்து ஒரே ஒரு நாள்: பொம்பெயியா, ஒஸ்தியாவா?

ரோமில் நானும் அம்மாவும் நான்கு நாள் தங்கியிருந்தோம். கொலோசியம், ஃபோரம், பாந்தியன் என்று மூன்று நாள் ஓடிவிட்டது. கையில் இருந்த கடைசி நாளுக்கு இரண்டு பழைய நகரங்கள் போட்டியிட்டன. ஒன்று, உலகமே அறிந்த பொம்பெயி. மற்றொன்று, டைபர் ஆறு கடலில் கலந்த இடத்தில் ரோமின் துறைமுகமாக வாழ்ந்த ஒஸ்தியா. பொம்பெயியை முன்பே ஓர் ஆகஸ்டு மாதத்தில் நான் தனியாகப் பார்த்திருந்தேன். அம்மா பார்த்ததில்லை. அப்படியிருந்தும் ஒஸ்தியாவுக்கே அழைத்துப் போனேன். ரோமானியப் புராணத்திலும் வரலாற்றிலும் ஆர்வமுள்ள யாருக்கும் இதையே சொல்வேன்.

பயண நேரத்தை நீட்டி விளக்கத் தேவையில்லை. பொம்பெயிக்கு நேப்பிள்ஸ் வரை அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் இன்னும் முக்கால் மணி நேரம். மாறி ஏறும் காத்திருப்பையும் சேர்த்தால், போக வர அரை நாள் கரைந்துவிடும். ஒஸ்தியாவுக்கு பிரமிடே மெட்ரோ நிலையத்தை ஒட்டிய போர்தா சான் பாவ்லோவில் ரயில் ஏறினால் அரை மணி நேரம்தான். நகரப் பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் வாங்கும் அதே டிக்கெட் போதும். திங்கள்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும்.

பொம்பெயியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. சுவரோவியம்தான் உங்கள் ஆசை என்றால் அதற்கு ஒஸ்தியா ஈடில்லை. வெத்தி வீட்டின் அறைகளில் குழந்தை ஹெர்குலிஸ் பாம்புகளை நெரிக்கிறான், இக்சியோன் சக்கரத்தில் கட்டப்படுகிறான். 'மர்மங்களின் மாளிகை'யில் செந்நிறச் சுவர் முழுக்க மதுக்கடவுள் டயோனிசஸின் வழிபாடு ஆள் உயரத்தில் விரிகிறது. 1863இல் அகழாய்வாளர் ஃபியொரெல்லி, சாம்பலுக்குள் உடல்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சாந்து ஊற்றி எடுத்த மனித வார்ப்புகளின் முன் என்னால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. 1938இல் அங்கே கிடைத்த இந்திய யானைத்தந்தப் பெண்சிலையைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. ஆனால் அது இருப்பது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில். புகழ்பெற்ற அலெக்சாந்தர் மொசைக்கும் அங்கேதான். பொம்பெயி வீட்டின் தரையில் இருப்பது நகல்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. பொம்பெயி கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது நின்றுபோன ஊர். அதற்குப் பிறகு ரோமானியர் எந்தெந்தக் கடவுளிடம் போனார்கள் என்று அந்தத் தெருக்கள் சொல்ல முடியாது. ஒஸ்தியாவுக்கு அப்படி ஒரு நாளில் முடிவு வரவில்லை. அதை நிறுவியவர் ரோமின் நான்காம் அரசர் ஆங்கஸ் மார்சியஸ் என்பது ஐதீகம். மண்ணுக்குள் கிடைத்த மிகப் பழைய கோட்டை கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்குரியது. புனித அகஸ்டினின் தாய் மோனிகா கி.பி. 387இல் இங்கே இறந்தபோதும் ஊர் உயிரோடுதான் இருந்தது. எழுநூறு ஆண்டு மனிதர்கள் சாமி கும்பிட்ட தடம் ஒரே ஊருக்குள் அடுக்கடுக்காக இருக்கிறது.

கி.மு. 204இல் ரோமின் எதிரியான கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் படையோடு இத்தாலிக்குள் இருந்தான். ரோமானியர் நம்பிய குறிசொல்லும் சிபில் நூல்களில் கண்ட வாக்கின்படி, ஆசியா மைனரிலிருந்து பெருந்தாய் சிபெலேயைக் கறுப்புக் கல் வடிவில் கப்பலேற்றி வந்தார்கள். டைபரின் முகத்துவாரத்தில் கப்பல் மணலில் தட்டி நின்றது. ஊரார் நடத்தையைச் சந்தேகித்துப் பேசிய கிளாடியா குயின்டா என்ற பெண், தான் குற்றமற்றவள் என்றால் அன்னை தன் பின்னால் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு கயிற்றை இழுத்தாள், கப்பல் நகர்ந்தது என்கிறார் கவிஞர் ஒவிட். அந்த அன்னைக்குப் பிற்காலத்தில் எழுந்த கோயில், நகரின் தெற்கு வாசலருகே ஒரு முக்கோணத் திடலில் சிதிலமாக இருக்கிறது. நாங்கள் போனபோது அங்கே வேறு யாருமில்லை. கதையை அம்மாவுக்கு முழுவதுமாகச் சொன்னேன். "ஊர் வாயை மூட சாமியே வர வேண்டியிருந்ததா?" என்றார் அம்மா.

நகரின் நடுவே ஜூபிடர், ஜூனோ, மினர்வா மூவருக்கும் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் கட்டிய கோயில் உயர்ந்து நிற்கிறது. பளிங்கு போய் வெறும் செங்கல்தான் மிச்சம். அது அரசின் மதம். ஆனால் சந்துகளுக்குள் நுழைந்தால் பாரசீகப் பெயர் தாங்கிய மித்ராஸுக்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட சிறு வழிபாட்டு அறைகள். இந்த வழிபாடு பரவலானது 2, 3ஆம் நூற்றாண்டுகளில். பொம்பெயி அதற்குள் புதைந்துவிட்டது. குளியல் மண்டபம் ஒன்றின் கீழே, காளையை வெட்டும் மித்ராஸைப் பார்த்த அம்மா, "இந்தச் சாமியை ஏன் நிலவறையில் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். சரியான கேள்வி. மித்ராஸ் காளையைக் கொன்றது குகையில் என்பதால் கோயிலையும் குகை போலவே அமைத்தார்கள். அங்கிருப்பது சிலையின் வார்ப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபெலிசிசிமஸ் என்பவர் அமைத்த அறையின் மொசைக் தரையில் அடியார்களின் ஏழு படிநிலைகள் ஏணி போல வரிசையாக வருகின்றன: காகம், மணமகன், படைவீரன், சிங்கம், பாரசீகன், சூரியத் தூதன், தந்தை. பெண்களுக்கு இடமில்லாத வழிபாடு இது.

பழைய கடற்கரைப் பக்கம், 1961இல் விமான நிலையச் சாலை போடும்போது வெளிப்பட்ட யூதத் தொழுகைக்கூடமும் இருக்கிறது. அதன் தூண்களின் மேலே ஏழு கிளை விளக்கைச் செதுக்கியிருக்கிறார்கள்.

வெயில் இரண்டு ஊரிலும் கடுமைதான். ஒஸ்தியாவில் குடைப் பைன் மரங்களின் நிழல் உண்டு என்பதால் அம்மாவால் ஐந்து மணி நேரம் நடக்க முடிந்தது. பொம்பெயியில் நான் தனியாகவே திணறினேன். ஆனால் அது ஆகஸ்டு. குளிர்காலத்தில் என் எண்ணம் மாறலாம்.

ஒஸ்தியாவில் பலரும் நெப்டியூன் குளியல் மண்டபத்தின் கடற்குதிரை மொசைக்கையும் நாடக அரங்கையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கு வாசலுக்கும் தொழுகைக்கூடத்துக்குமாக இரண்டு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். இரண்டு நாள் கிடைத்தால் பொம்பெயிக்கும் போங்கள். ஆனால் ரோமிலிருந்து ஓடிப்போய்த் திரும்பாமல் நேப்பிள்ஸில் ஓர் இரவு தங்குங்கள். அந்த அருங்காட்சியகத்துக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை.