முதியோர் வார்டு: இந்த தடவ அப்பா நடந்தே வீட்டுக்கு வந்தார்

போன மாசம் எங்கப்பாவ (78 வயசு, ரிட்டயர்ட் கண்டக்டர்) யூரின் இன்ஃபெக்ஷன், காய்ச்சல்னு திருச்சில ஒரு ஆஸ்பத்திரியோட முதியோர் வார்டுல 6 நாள் வெச்சிருந்தோம். 5க்கு 4 ஸ்டார் தாராளமா குடுப்பேன்.

ஏன்னு புரியணும்னா பழைய கதைய சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னாடி நிமோனியாவுக்கு வேற ஒரு ஆஸ்பத்திரில 9 நாள் இருந்தார், பேர் வேணாம். நோயை நல்லாதான் குணப்படுத்தினாங்க, பொய் சொல்லக்கூடாது, ஆனா தானா ஆட்டோல ஏறி வந்த மனுஷன ஸ்ட்ரெச்சர்ல வீட்டுக்கு கொண்டு வந்தோம். சேர்த்த அன்னைக்கே யூரின் டியூப், டயப்பர், கட்டில் கம்பிய தூக்கி விட்டாச்சு, லேசா எழுந்தாலே "தாத்தா விழுந்துருவீங்க, படுங்க". "ஏம்மா, நான் என்ன கைக்குழந்தையா"ன்னு அவர் கேட்டது இன்னும் என் காதுலயே நிக்குது. நாங்களும் ரெஸ்ட்டுதான நல்லதுன்னு விட்டுட்டோம். திரும்ப டீக்கடை வரைக்கும் நடக்க 4 மாசம் ஆச்சு.

இங்க டாக்டர் மொதல்ல கேட்டதே, காய்ச்சலுக்கு முன்னாடி தானா குளிப்பாரா, பாத்ரூம் போவாரா, சட்டை போட்டுக்குவாரா, எவ்ளோ தூரம் நடப்பாருன்னுதான். எல்லாத்தையும் எழுதிக்கிட்டு, இதெல்லாம் குறையாம அனுப்பணும்னாரு. அப்புறம் அவர் சொன்ன விஷயம் எனக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு, அமெரிக்காவுல நோயே இல்லாத பெரியவங்கள 10 நாள் படுக்க வெச்சு பாத்திருக்காங்க, 2007ல வந்த ஆய்வு, கால் தசை மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ போயிருக்கு. நோயோட படுத்தா கேக்கவே வேணாம்.

ரெண்டாம் நாள் டியூப எடுத்துட்டாங்க. மூணு வேளையும் சாப்பாடு நாற்காலில உக்காந்துதான், டிரிப்ஸ் ஸ்டாண்ட தள்ளிக்கிட்டே வராண்டால காலைல சாயந்தரம் நடை, பாத்ரூமுக்கு சிஸ்டர் கைய புடிச்சு கூட்டிட்டு போவாங்க. போன தடவ ராத்திரில டிப்போல இருக்கேன்னு குழம்பி பேசினார், நாங்க பயந்தே போனோம். இந்த தடவ கண்ணாடியும் காது மிஷினும் எப்பவும் போட்டிருக்கணும்னாங்க, எதிர்ல பெரிய கடிகாரமும் காலண்டரும், பத்து மணிக்கு லைட் ஆஃப், தூக்க மாத்திர கேட்டும் தரல. ஒரு நாள்கூட குழம்பல. இதே மாதிரி கவனிப்ப யேல் பல்கலைக்கழகத்துல ஷேரன் இனூயேன்னு ஒரு டாக்டர் 1999லயே செஞ்சு காட்டிருக்காங்க, குழப்பம் வந்தவங்க 100க்கு 15லேருந்து 10 பேரா குறைஞ்சாங்களாம். பெருசா மிஷின் எதுவும் வேணாம், ஆள் இருந்தா போதும். அப்ப மத்த வார்டுலயும் ஏன் செய்யக்கூடாது?

ஒரு ஸ்டார் குறைச்சது எதுக்குன்னா, ஞாயித்துக்கிழம பிசியோ வரமாட்டாங்க, நாங்களேதான் நடக்க வெச்சோம். பாத்ரூம் வாசப்படி உசரம், ஒரு கைப்பிடி வெச்சா நல்லாருக்கும். கேன்டீன் கஞ்சி சுமார், வீட்டுலேருந்து கொண்டு போங்க.

சென்னை பக்கம் இருக்கவங்களுக்கு, கிண்டில 2024லேருந்து பெரியவங்களுக்குன்னே 200 பெட் அரசு ஆஸ்பத்திரி இருக்கு. எங்க சேர்த்தாலும் சரி, செருப்பு, கண்ணாடி, பல்செட்ட மறக்காம எடுத்துட்டு போங்க, டியூப் போட்டா எப்ப எடுப்பீங்கன்னு தினமும் கேளுங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு வீல்சேர் வேணாம்னுட்டு அப்பா லிப்ட் வரைக்கும் நடந்தே வந்தார், வீட்டுக்கு வந்த மறுநாளே டீக்கடை.