மண்ணில் விளையாட விடும் டேகேர்: மூன்று வருட அனுபவம்

மகளை இரண்டரை வயதில் கோவையில் எங்கள் ஏரியாவிலேயே ஒரு டேகேரில் சேர்த்தோம், இந்த ஜூனில்தான் அங்கிருந்து பள்ளிக்குப் போனாள். சேர்த்ததற்கு ஒரே காரணம் அந்த வீட்டின் கொல்லை. ஒரு வேப்பமரம், ஒரு முருங்கை, ஒரு குவியல் மணல், தண்ணீர்க் குழாய், டயர் ஊஞ்சல், அவ்வளவுதான். காலை 9 மணிக்கு மேல் ஒன்றேகால் மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகள் வெளியேதான் இருப்பார்கள். சித்திரை வெயிலில் மட்டும் காலை நேரத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாடி அசைய வேண்டும், அதில் 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்க ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. எங்கள் ஃபிளாட்டில் அதற்கு வழியே இல்லை.

முதல் இரண்டு மாதம் துணி துவைத்தே ஓய்ந்தேன். அப்புறம் பழைய துணியாக நாலு செட் ஒதுக்கிவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது.

மதிலோரம் மழை படாத பொடிமண்ணில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், அதற்குள் குழியானை என்ற சின்னப் பூச்சி இருக்கிறது என்று காட்டியது அங்கே வேலை பார்க்கும் ஆயாம்மா. எறும்பு ஒன்று சறுக்கி விழுந்ததும் அடியிலிருந்து அது மண்ணை வாரி இறைக்கும். வீட்டில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்காதவள் அரை மணி நேரம் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தாள், அது பின்பக்கமாகவே நடக்கும் என்று அன்று ராத்திரி எனக்கு நடந்தே காட்டினாள். எருக்கு இலையில் புழு பார்த்து, கூடு பார்த்து, வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி வெளியே வந்ததையும் பார்த்தார்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்பதையும் ஆயாம்மா அப்போதே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

குறைகளும் உண்டு. டயரில் மழைநீர் தேங்கும், டெங்கு கொசு பகலில் கடிப்பது, அதனால் அடியில் ஓட்டை போடச் சொல்லிப் பின்னாலேயே நின்றோம். மணலில் பூனை அசிங்கம் பண்ணும், ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடிய பிறகுதான் நின்றது. மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடக்கும். ஒருநாள் கை முழுக்கத் தடித்துப்போய் வந்தாள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் இலவசமாகக் கொடுக்கும் வயிற்றுப் பூச்சி மாத்திரையை நாங்கள் ஒருமுறையும் விட்டதில்லை.

இரண்டாம் வருடம் பாதி மணலை அள்ளிவிட்டுச் செயற்கைப் புல் விரித்து, பிளாஸ்டிக் சறுக்கு மரம் வைத்தார்கள். எனக்குக் கோபமே வந்தது. வெயில் ஏறியதும் அந்தப் புல்லில் கால் வைக்க முடியாது, சறுக்கு மரம் ஒரு வாரத்தில் சலித்துவிட்டது, பிள்ளைகள் மீதி மணலுக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். பெற்றோர்கள் சேர்ந்து போய்ப் பேசிய பிறகு புல்லைச் சுருட்டினார்கள்.

அதைவிடப் பெரிய அடி, ஆயாம்மா மூன்று மாதம் ஊருக்குப் போனபோது. அதே கொல்லை, அதே மரம். ஆனால் புதிதாக வந்தவர் "தொடாதே, அழுக்கு", "இறங்கு, விழுந்துடுவே" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை, இவளும் வீட்டுக்கு வந்து சொல்ல ஒன்றும் இல்லாமல் போனாள். சேர்க்கப் போகிறவர்கள் கொல்லையைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள், பிள்ளைகள் வெளியே இருக்கும் நேரத்தில் அரை மணி நேரம் நின்று, கூட இருப்பவர் அவர்களிடம் என்ன பேசுகிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள்.