மாணவர்களுக்கான உடற்பயிற்சி, உடல்நலப் பாடநெறி: திருகோணமலையில் பன்னிரண்டு வாரங்கள்

திருகோணமலை நகரில் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கும் என ஒரு தனியார் நிலையம் நடத்தும் பன்னிரண்டு வார உடற்பயிற்சி, உடல்நலப் பாடநெறியை ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் இறுதி வரை முழுமையாகப் பயின்றேன். குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். கட்டணம் 9,000 ரூபாய். இரண்டு தவணைகளில் செலுத்தலாம். செவ்வாய், வியாழன் மாலைகளில் மைதானப் பயிற்சியும், சனிக்கிழமை காலையில் கடற்கரைப் பயிற்சியும், மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வகுப்பறைப் பாடமும் உண்டு.

நான் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் பாடசாலை, ரியூசன், மேசை என்றே நாட்கள் கழிந்தன. வளாகத்துக்கு வந்தபின் விரிவுரை மண்டபமும் விடுதி அறையுமாக அதே வாழ்க்கை தொடர்ந்தது. சித்திரைப் புத்தாண்டன்று அம்மாவுடன் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறியபோது இடையில் இரண்டு தடவை நிற்கவேண்டியிருந்தது. இருபத்திரண்டு வயதில் இப்படி ஆகக்கூடாது என்ற கவலை அன்றே பிடித்துக்கொண்டது.

இப்பாடநெறியின் உண்மையான பலம் அதன் தலைமைப் பயிற்றுநர். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியையான அவரை நாங்கள் எல்லோரும் ரீச்சர் என்றே அழைத்தோம். எவரையும் மற்றவருடன் ஒப்பிட்டு அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினார், எவ்வளவு வேகத்தில் ஓடுவது என்று கேட்டபோது, "பிள்ளை, கதைக்க ஏலாமல் மூச்சு வாங்கினால் மெதுவாக்கு, பாட்டுப் பாட ஏலுமெண்டால் இன்னும் கொஞ்சம் விரைவாப் போ" என்றார். கருவி எதுவுமின்றி மிதமான உழைப்பை அறிவதற்கு உலகெங்கும் பயன்படும் வழியும் இதுவே. வயதுவந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அந்த எண்ணை அவர் பலகையில் எழுதிவிட்டுப் போகவில்லை. விடுதியிலிருந்து விரிவுரைக்கு விரைந்து நடப்பது எத்தனை நிமிடம், கடற்கரையோரம் நடந்தால் எத்தனை நிமிடம் என்று ஒவ்வொருவரையும் தம் நாளைத் தாமே கணக்கிட வைத்தார். பாடநெறி முடிந்தபின் ஆசிரியர் இல்லாமலே தொடரக் கற்றுக்கொடுப்பதைவிட ஓர் உடற்கல்வி வகுப்பு செய்யக்கூடிய பெரிய காரியம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் முதல் நாள் அளவெடுப்பு மனத்தை வருத்தியது. உயரம், நிறை, இடைச் சுற்றளவு, ஓய்வு நிலையில் நாடித் துடிப்பு ஆகியவற்றை அளந்த உதவிப் பயிற்றுநர், உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் உடல் நிறைச் சுட்டியை ஒவ்வொருவருக்கும் எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்தார். என் அருகில் நின்ற மாணவி தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை, பின்னரும் வரவேயில்லை. இத்தகைய வகுப்பு முதலில் சென்றடைய வேண்டியவர் அவரே என்பதை நினைக்கும்போது இன்றும் கோபம் வருகிறது. அவர்கள் பயன்படுத்திய அட்டவணையிலும் பிழை உண்டு. 25 வரை எல்லாம் சரி என்று அது காட்டியது; ஆசிய மக்களைப் பொறுத்தவரை 23இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சுட்டியிருக்கிறது. மூடிய அறையில், தனித்தனியாக, சரியான அட்டவணையுடன் இதைச் செய்வதற்கு ஒரு ரூபாய்கூட அதிகம் செலவாகாது.

நேர ஒழுங்கில் கச்சானை மறந்துவிட்டார்கள். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரட்சியாக வீசும் அந்தக் காற்றில் பிற்பகல் நான்கு மணிக்கும் மைதானத்து மணல் கொதிக்கும். வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பதே தெரியாது. இரண்டாம் வாரத்தில் ஒரு மாணவர் தலைசுற்றி அமர்ந்துவிட்டார். நிழலில் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, ஜீவனி என்ற நீரிழப்புக்கான உப்புத் தூளைக் கரைத்துக் கொடுத்தபின்னரே தெளிந்தார். அடுத்த நாளே ரீச்சர் வகுப்பை ஐந்தேகாலுக்கு மாற்றினார். அது சரியான முடிவு. எனினும் முடியும்போது இருட்டிவிடுவதால், நிலாவெளிப் பக்கம் திரும்ப வேண்டிய மாணவிகள் பஸ்ஸுக்குக் காத்திருந்து களைத்தோம். நான்கு தடவை முச்சக்கரவண்டிக்கு நாங்கள் பங்குபோட்டுக் கொடுத்த காசைக் கட்டணத்துடன் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒரு வான் வண்டியை ஒழுங்கு செய்யுமாறு எழுத்தில் கேட்டோம், பதில் வரவில்லை.

சனிக்கிழமைக் கடற்கரை வகுப்புக்காக மட்டுமே மீண்டும் ஒருமுறை பணம் கட்டச் சொன்னாலும் கட்டுவேன். கடலைப் பார்த்தே வளர்ந்த ஊரில் எங்கள் தொகுதி மாணவிகள் பதினொரு பேரில் நீந்தத் தெரிந்தவர் ஒருவர்தான். உப்புவெளியில் காலை ஆறு மணிக்கு, பெண்களுக்கெனத் தனி நேரம், பெண் பயிற்றுநர், முழுக்கை மேற்சட்டையும் நீளக் காற்சட்டையும் அணிந்து இறங்கலாம் என்ற ஏற்பாடு இருந்ததாலேயே எங்கள் வீடுகளில் அனுமதி கிடைத்தது. முதல் இரண்டு வாரங்கள் நீந்தவே விடவில்லை. மல்லாந்து மிதக்க மட்டும் பழக்கினார்கள். உப்பு நீர் உடலைத் தாங்கும் என்பது பாடப்புத்தகத்தில் படித்ததுதான். காதுவரை நீர் மூடியிருக்க, கைகளை விரித்து, அச்சம் விலகி, மூச்சு சீரான அந்தக் கணத்தில்தான் அதை உடல் நம்பியது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுவையிலிருந்து வெளியேற வேண்டும் என்பதை மணலில் கோடு கீறிக் காட்டினார்கள். இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

தசை வலுப் பயிற்சிக்கு வாரத்தில் பதினைந்து நிமிடமே ஒதுக்கப்பட்டது. வாரத்தில் இரண்டு நாட்களாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டி சொல்லியிருக்க, அதிலும் எலும்பு உறுதிபெறும் இருபதுகளில் உள்ள பெண்களுக்கு இது குறைவு.

வகுப்பறைப் பாடங்கள் ஒரே தரத்தில் இல்லை. முதலுதவி வகுப்பு மிகச் சிறப்பு: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது ஐந்து சென்ரிமீற்றர் ஆழம் என நெஞ்சை அழுத்துவதை ஒவ்வொருவரும் பொம்மையில் கை வலிக்கும்வரை செய்தோம், அழுத்தத் தொடங்குமுன் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க ஒருவரை விரல் நீட்டிப் பணிக்க வேண்டும் என்பதும் மனத்தில் பதிந்தது. தூக்கம் பற்றிய பாடம் சுருக்கமாகவும் பயனுள்ளதாகவும் இருந்தது. உணவு வகுப்பில் ஓட்ஸ், புரொக்கோலி, ஒலிவ் எண்ணெய் என்று அச்சிட்ட தாள் தந்தார்கள். விடுதியில் சமைத்து உண்ணும் மாணவர் கையில் இருப்பவை குரக்கன் பிட்டு, அவித்த பயறு, சூடை மீன், முருங்கையிலை வறை. இவற்றில் எதை எவ்வளவு உண்பது என்று சொல்லியிருந்தால் அந்தத் தாள் சுவரில் இடம்பெற்றிருக்கும். மனநலத்துக்கு ஒதுக்கப்பட்டதோ ஒன்றரை மணிநேரம். நாற்பது பேரை ஒன்றாக இருத்தித் திரையில் படங்களைக் காட்டினால் யார் வாய் திறப்பார்கள்? பரீட்சைக் காலத்தில் உறங்காமல் அழுத தோழிகளை நான் அறிவேன். தேசிய மனநல உதவி இலக்கமான 1926 கடைசிப் படத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அதை முதல் படத்திலேயே பெரிதாகப் போட்டிருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வாரத்தில் மீண்டும் அளந்தார்கள், இம்முறை தனித்தனியாக. எங்கள் முறைப்பாட்டுக்குச் செவிசாய்த்ததை மதிக்கிறேன். பன்னிரண்டு நிமிட ஓட்டத்தில் முதல் நாள் 1,350 மீற்றர் கடந்த நான் இப்போது 1,800 மீற்றர் கடந்தேன். ஓய்வு நாடித் துடிப்பு 84இலிருந்து 77ஆகக் குறைந்தது. நிறையில் ஒரு கிலோகூட மாறவில்லை, அதைப் பற்றி ரீச்சர் கேட்கவும் இல்லை.

சேர விரும்பும் மாணவிகள், திரும்பிச் செல்லும் வாகன ஒழுங்கை முதலில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். கடல் வகுப்பு வேண்டுமென்றால் சித்திரையிலோ வைகாசியிலோ தொடங்கும் தொகுதியில் பதிவு செய்யுங்கள். வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்தபின் வரும் தொகுதிகளுக்கு அந்த வகுப்பு இல்லை, ஆனால் கட்டணம் அதேதான்.