அப்பாவுக்கு காது மிஷினா, காக்ளியர் இம்ப்ளாண்டா: நாங்க மிஷின் பக்கம் போன காரணம்

தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல எங்ககூட இருக்குற அப்பாவுக்கு ரெண்டு காதும் ரொம்ப மந்தமாயிடுச்சு. ஒண்ணு வெளிய மாட்டுற மிஷின், இல்ல ஆபரேஷன் பண்ணி உள்ள வைக்கிற காக்ளியர், ரெண்டுல எதுன்னாலும் நீங்களே முடிவு பண்ணுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். நாங்க மிஷின்தான் வாங்கினோம்.

மிஷின் சத்தத்தை பெருசாக்கும், காக்ளியர் நேரா காது கேக்குற நரம்பையே மின்சாரத்தால தூண்டும். காது ரொம்ப போனவங்களுக்கு பேச்சு புரியணும்னா காக்ளியர்தான் மேல, அதை மறுக்க முடியாது. காவடி அன்னிக்கு கோயில்ல மேளத்துக்கு நடுவுல பக்கத்துல நின்னு பேசினாக்கூட அப்பாவுக்கு ஒண்ணும் விளங்கல, ஆனா அவ்வளவு இரைச்சல்ல காக்ளியர் வச்சவங்களும் திணறத்தான் செய்வாங்க. ஆபரேஷன்ல மிச்சம் இருக்குற கேக்குற திறனும் போக வாய்ப்பு இருக்கு.

எங்களை நிறுத்தினது பராமரிப்பு. மிஷின் பழுதானா கழட்டி வச்சிட்டு வேற கம்பெனியோடத மாட்டிக்கலாம். காக்ளியர்ல உள்ள இருக்குற பார்ட்டும் சத்தத்தைப் பிடிச்சு உள்ள அனுப்ப வெளிய மாட்டுற ப்ராசஸரும் ஒரே கம்பெனியோடதா இருக்கணும், அந்த ப்ராசஸரும் சில வருஷத்துல மாத்த வேண்டி வரும், அப்போ மெடிக்கல் எய்ட்ங்கிற தனியார் மருத்துவக் காப்பீடு காசு குடுக்குமா, எங்க நாட்டுப் பணமான ரேண்டோட மதிப்பு எந்த நிலையில இருக்கும், அந்த கம்பெனியே இருக்குமா, இதுக்கெல்லாம் யாரு பொறுப்பு சொல்றது?

இது வெறும் பயம் இல்ல. அமெரிக்காவுல செகண்ட் சைட்னு ஒரு கம்பெனி பார்வை போனவங்களுக்கு ஆர்கஸ் 2ன்னு கண்ணுக்குள்ள வைக்கிற இம்ப்ளாண்ட் பண்ணுச்சு, 2013ல அங்க அனுமதி கிடைச்சு, உலகம் முழுக்க 350 பேருக்கு மேல வச்சாங்க. 2019ல உற்பத்திய நிறுத்திட்டாங்க, 2020ல பாதிக்கு மேல ஆளுங்களை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. கண்ணுக்குள்ள அந்தப் பொருள் இருந்துச்சு, ரிப்பேர் பண்ண ஆள் இல்லாம போச்சு. 2024 ஜனவரியில மூளைக்குள்ள வைக்கிற சிப் பண்ணுற நியூராலிங்க் கம்பெனி முதல் ஆளுக்கு அதை வச்சப்போ சில வாரத்துலயே நூல் மாதிரி இருக்குற எலக்ட்ரோடு நிறைய பின்னுக்கு வந்துடுச்சு, சாஃப்ட்வேரை மாத்தி சமாளிச்சாங்க. அதை மாத்த கம்பெனி இருந்துச்சு, அதனால அவர் தப்பிச்சார். நாளைக்கு நல்லா இருக்குறவங்களும் ஞாபகசக்திக்கு, வேகத்துக்குன்னு வச்சிக்க ஆரம்பிச்சா இந்தக் கேள்வி இன்னும் பெருசாகும். சிலி நாடு 2021லயே மூளையோட செயல்பாட்டையும் அதுலேர்ந்து கிடைக்கிற தகவலையும் காப்பாத்த அரசியலமைப்பையே திருத்துச்சு. மத்த நாடுகளும் வச்சவங்களுக்கு கடைசிவரை ரிப்பேர் உண்டுன்னு சட்டம் போடணும்னு நான் சொல்வேன். இங்க பெரும்பாலானவங்களுக்கு மெடிக்கல் எய்டே கிடையாது, அவங்களுக்கு அந்த சட்டம் இல்லாம இது பெரிய ஆபத்து.

பிறவியிலேயே கேக்காத குழந்தைக்கு கணக்கே வேற. சின்ன வயசுலயே வச்சாத்தான் பேச்சு நல்லா வரும், எங்க வீட்ல அந்த அனுபவம் இல்லாததால வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா 2023ல தென்னாப்பிரிக்க சைகை மொழி 12வது ஆட்சி மொழி ஆயிடுச்சு, அதனால இம்ப்ளாண்ட் வச்சாலும் குழந்தைக்கு சைகையும் சேர்த்து சொல்லிக்குடுங்க. அப்பாவுக்கு இன்னும் காது கேக்குறது குறைஞ்சா நாங்களும் காக்ளியர் பத்தி மறுபடி யோசிப்போம், அப்போ வாரன்டியையும் ப்ராசஸர் விலையையும் எழுத்துல வாங்காம சம்மதிக்க மாட்டோம்.