ஓதச்சுமை நிரலும் நானும்: எட்டு ஆண்டுகள், ஒரு குறி

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "என் ஈர்ப்புமானி கடலிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஓதச்சுமைத் திருத்தம் எனக்கும் வேண்டுமா? நீங்கள் வைத்திருக்கும் நிரலையே நானும் எடுத்துக்கொள்ளலாமா?" ஈர்ப்புமானி என்பது புவியீர்ப்பை அளக்கும் கருவி; ஓதச்சுமை என்பது ஏறி இறங்கும் கடல்நீரின் பாரம்; அதன் விளைவைக் கணக்கிடுவதுதான் அந்த நிரல். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன்: கட்டாயம் வேண்டும். இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறது.

கடல் ஏறும்போது நீரின் பாரத்தில் நிலம் அமிழ்கிறது, ஈர்ப்புமானியும் கூடவே இறங்குகிறது. ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் அளவு ஏறத்தாழ 3 மைக்ரோகேல் (புவியீர்ப்பை அளக்கும் நுண் அலகு) கூடிவிடும். நீரின் நேரடி இழுப்பும், அமிழும் பாறை இடம் மாறுவதும் தனிக் கணக்கு. கருவிக்குள்ளேயே இருக்கும் திருத்தம் பெரும்பாலும் திண்ம புவியின் ஓதத்தை, அதாவது நிலவும் சூரியனும் இழுப்பதால் நிலமே ஏறி இறங்குவதை, மட்டுமே கழிக்கிறது. கடலின் பங்கு அப்படியே தங்கிவிடும். புவியீர்ப்பு 98 கோடி மைக்ரோகேல், அதில் இரண்டையும் நான்கையும் துரத்துகிறவர்கள் நாம். அந்தப் பங்கை எப்படி விட்டுவிட முடியும்?

நிரலின் கணக்கில் எனக்குக் குறை எதுவும் இல்லை. கடலைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் நீர் எடையையும் புவி இயற்பியலாளர் ஃபாரல் 1972இல் தந்த கிரீன் சார்புகளால் (ஓரிடத்து எடை தொலைவில் எவ்வளவு விளைவு தரும் என்று சொல்பவை) பெருக்கிக் கூட்டுகிறது. எஃப்இஎஸ்2014 என்ற உலகக் கடல் ஓத மாதிரியை ஊட்டினால் சதுரம் பாகையில் பதினாறில் ஒன்று. கரையருகே அதுவும் போதாதென்று கரைக்கோட்டைப் பார்த்துத் தானாகவே இன்னும் நுணுக்கிக்கொள்கிறது.

என்னை மயக்கியது உயரத்தை அது கையாளும் விதம். கரையிலிருந்து 300 மீட்டர் உள்ளே, 40 மீட்டர் மேட்டில் எனக்கு ஒரு நிலையம் இருந்தது. அங்கே ஓதம் ஒரு மீட்டர் ஏறினால் அருகிலுள்ள நீரின் இழுப்பு மட்டுமே சுமார் 1.8 மைக்ரோகேல். அதே இடத்தில் கருவி கடல் மட்டத்தை ஒட்டி நின்றால் அந்த நீர் பக்கவாட்டில் இழுக்குமே தவிரக் கீழ்நோக்கி ஏறக்குறைய இழுக்காது. நிரல் நிலையத்தின் உயரத்தைக் கேட்கும் இடத்தில் 0 என்று இருந்ததை 40 என்று மாற்றி மறுபடி ஓட்டினேன். மூன்று மாதமாக விளங்காமல் கிடந்த அலை வரைபடத்தில் படுத்துவிட்டது. அன்று இரவு வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் ஆற்றாமைக்கு வருகிறேன். ஓதம் பல தனித்தனி அலைகளின் கூட்டு. அப்படி ஒவ்வொரு ஓதக்கூறுக்கும் ஒரு வீச்சும் (அலையின் அளவு) ஒரு கட்டக்கோணமும் (அலை எவ்வளவு முந்துகிறது அல்லது பின்தங்குகிறது என்பது) கிடைக்கின்றன. அந்தக் கோணத்தில் பின்தங்கலை இந்த நிரல் எதிர்க்குறியில் தருகிறது. என் பகுப்பாய்வு நிரலோ நேர்க்குறியில் கேட்கிறது. போதாக்குறைக்கு, ஒன்று உள்ளூர் நெடுங்கோட்டை வைத்துப் பேசுகிறது, மற்றொன்று கிரீன்விச்சை வைத்து. 15 பாகை கிழக்கே இருந்தால், நாளுக்கு ஏறத்தாழ இருமுறை எழும் நிலவு ஓதமான எம்2 கூறுக்கு இதனாலேயே 30 பாகை பிசகும். வழிகாட்டியில் இதைச் சொல்லியிருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஒரு வரியில்.

குறி மாறினால் என்ன ஆகும்? என் முதல் நிலையத்தில் எம்2 வீச்சு 4 மைக்ரோகேல், கட்டம் வெறும் 8 பாகை. குறி தவறினாலும் பிழை 1.1 மைக்ரோகேல்தான். இரைச்சலில் ஒளிந்துகொண்டது. பதினான்கு மாதம் தவறான திருத்தத்தையே சரி என்று நம்பியிருந்தேன். அடுத்த நிலையத்தில் வீச்சு அதே 4, கட்டமோ 90 பாகை. கழித்ததும் அலை அடங்கும் என்று பார்த்தால் 8 ஆக எழுந்து நின்றது. திருத்தாமலே விட்டிருந்தால் பாதிதான். பழைய பதினான்கு மாதத்தையும் மறுபடி கணக்கிட்டேன்.

போன மாதம் கணினி மாற்றினேன். புதிய பதிப்பை நிறுவியதும் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிட்டன. அதே குறி, அதே பிழை, ஆறு நாள் வேலை. வெளியீட்டுக் கோப்பின் தலையில் "பின்தங்கல் எதிர்க்குறி" என்று இரண்டே சொற்கள் அச்சிட்டிருந்தால் போதும். உயரத்துக்கு அவ்வளவு அக்கறை காட்டியவர்கள் இதற்கு ஏன் காட்டவில்லை?

எனவே நண்பரே, இதைவிடத் துல்லியமாகக் கணக்கிடும் நிரலை நான் கையாண்டதில்லை. ஆனாலும் இன்று கேட்டால், எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்வேன். அட்டவணையை நானே எடுத்துத் தருகிறேன். உங்கள் ஆயத்தொலைகளுக்கு நேற்றே ஓட்டிப் பார்த்தேன்: எம்2 வீச்சு 2.1, கட்டம் 74 பாகை. குறி புரண்டால் 4 மைக்ரோகேல் பிழை, திருத்தாமல் விடுவதைவிட இரு மடங்கு. அமாவாசையை ஒட்டிய நாட்களில், கடல் ஓதம் உச்சத்தில் இருக்கும்போது, கருவியை நகர்த்தாமல் மூன்று நாள் தொடர்ந்து பதிவு செய்து, திருத்தம் போடாத எண்களை அனுப்புங்கள். இரண்டு குறியிலும் கழித்துப் பார்த்துவிட்டு, எது தட்டையாகிறதோ அதைத் திருப்பி அனுப்புகிறேன்.