டர்பன் கடற்காற்றில் நான்கு அட்டைகள், ஒரே பொன்னியின் செல்வன்

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதிலிருந்து 'பொன்னியின் செல்வன்' எத்தனை பதிப்பகங்களிடமிருந்து வந்திருக்கிறது என்று எண்ணி மாளாது. கதை ஒன்றுதான், ஆளுக்கோர் அட்டை. என்னிடம் நான்கு விதம் சேர்ந்துவிட்டன. கேலிக்கோ பைண்டிங்கில், அதாவது துணி ஒட்டிய கெட்டி அட்டையில், மேலுறை போட்ட பழைய ஐந்து பாகங்கள். இரவுக் கடலில் படகு வரைந்த பேப்பர்பேக். தஞ்சைப் பெரிய கோவில் போட்ட மலிவுப் பதிப்பு. 2022-ல் படம் வந்த சமயத்தில் அச்சான கருஞ்சிவப்புப் பதிப்பு. எல்லாமே சென்னைக்குப் போய் வந்தவர்கள் பெட்டியில் சுமந்து வந்தவை. தபாலில் வரவழைத்தால் தபால் கட்டணம் போதாதென்று தென்னாப்பிரிக்காவில் புத்தகத்துக்கும் 15 சதவீத வாட் வரி உண்டு.

பல வருடங்களாக இவை டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு வீடாகப் போய் வருகின்றன. எங்கள் தெருவில் பெரும்பாலும் 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள். காவடிக்கு முருகன் பாட்டு மனப்பாடமாகப் பாடுவார்கள், வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ் எழுத்து தெரிந்தவர்கள் குறைவு. அதனால் அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் "இது என்ன கதை?" என்று கேட்பார்கள். ஆர்வம் வந்தவர்கள் சி. வி. கார்த்திக் நாராயணனின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிப் போவார்கள். அந்த முதல் கேள்வியைக் கேட்க வைக்கிற அட்டை எது என்பதுதான் எனக்கு முக்கியம்.

கோவில் போட்ட பதிப்பைத்தான் முதலில் எல்லாரும் கையில் எடுப்பார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும்: பின்னால் கோவில் விமானம், முன்னால் மகுடம் சூடிய அரசர், மேலே புலிக்கொடி. பிரச்சினை என்னவென்றால், இதில் பாதி கதையிலேயே இல்லை. பெரிய கோவிலை ராஜராஜன் கட்டி முடித்தது 1010-ல். நாவல் நடப்பது அவனுடைய தந்தை சுந்தர சோழர் நோயில் படுத்திருக்கும் காலத்தில். பின்னால் ராஜராஜன் ஆகப்போகும் அருள்மொழிவர்மன் அப்போது வெறும் இளவரசன். மகுடம் யார் தலைக்குப் போகும் என்பதுதான் ஐந்து பாகங்களின் முடிச்சே. கடைசிப் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர் வைத்த கதைக்கு முடிசூடிய அருள்மொழியை அட்டையில் போடுவது, கதை தெரிந்தவருக்கு எரிச்சல், தெரியாதவருக்குத் தப்பான சேதி. எதிர்வீட்டு அங்கிள் ஒருவர் ஆங்கிலத்தில் இரண்டு பாகம் முடித்துவிட்டு, "அந்தக் கோவில் எப்போது வரும்?" என்று கேட்டார். வரவே வராது என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

கருஞ்சிவப்புப் பதிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்து பாகத்துக்கும் ஒரே வாள், ஒரே தீப்பொறி. மூன்றாம் பாகமான 'கொலை வாளு'க்குப் பொருந்தும், அவ்வளவுதான்.

பழைய கேலிக்கோ தொகுதியின் மேலுறை ஓவியங்கள் மணியத்தின் பாணியைப் பின்பற்றியவை. 1950-ல் 'கல்கி' இதழில் தொடர் ஆரம்பித்தபோது மணியம் வரைந்த உருவங்களைத்தான் பின்னால் வந்த ஓவியர்கள் பலரும் ஏதோ ஒரு விதத்தில் தொட்டுக்கொண்டு போகிறார்கள். நந்தினிக்கு ஒரு கொண்டை, குந்தவைக்கு ஒரு கொண்டை. எழுத்தே படிக்கத் தெரியாவிட்டாலும் இவர்கள் இருவரும் வேறு வேறு பெண்கள், ஒருவருக்கொருவர் ஆகாது என்பது பார்த்த உடனே புரிந்துவிடும். இப்போது கணினியில் செய்கிற அட்டைகளில் நகையும் பட்டும் ஜொலிக்கிறது, ஆனால் யார் நந்தினி, யார் வானதி என்று எனக்கே சில நேரம் பிடிபடுவதில்லை.

ஆனாலும் என் ஓட்டு படகுக்குத்தான். இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' அட்டையில் ஒரு பெண் தனியாகத் துடுப்புப் போடுகிறாள். முதுகு மட்டும் தெரிகிறது, முகம் இல்லை. கதையில் வரும் படகோட்டிப் பெண் பூங்குழலி என்று நமக்குத் தெரியும். தெரியாதவர்கள், யார் இவள், இந்த இருட்டில் எங்கே போகிறாள் என்று கேட்டே தீருவார்கள். டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்த குடும்பங்கள் இங்கே உண்டு. அப்படி ஒரு வீட்டு ஆன்ட்டி அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "துடுப்பை இப்படிப் பிடித்தால் கை விட்டுப்போகும்" என்றார். அப்புறம் கதையைக் கேட்க உட்கார்ந்தார். கோடிக்கரைச் சதுப்பு நிலமும் இலங்கைக் கடலும் அன்று சாயங்காலம் முழுக்க ஓடியது.

சரி, அழகு போகட்டும், எது தாக்குப்பிடித்தது? டர்பன் கோடைக்காலத்தின் ஈரக்காற்று புத்தகத்தைச் சும்மா விடாது. பேப்பர்பேக் அட்டைக்கு வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன். உள்பக்கத் தாள் ஈரத்தை இழுத்து விரிகிறது, பிளாஸ்டிக் விரிவதில்லை. அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டு அப்பளம் மாதிரி நிற்கும். மலிவுப் பதிப்பில் இது மோசம், மெல்லிய அட்டை. படகுப் பதிப்பில் அட்டை கொஞ்சம் கனம், சுருளல் குறைவு. ஜன்னல் பக்கம் இருந்ததில் கருஞ்சிவப்பின் முதுகு வெளுத்தே போனது. அச்சு மைகளில் சிவப்புக்கு வேண்டிய மஜந்தாவும் (இளஞ்சிவப்பு) மஞ்சளும்தான் வெயிலில் முதலில் மங்கும், சியானும் (நீலம்) கறுப்பும் நிற்கும். அதனால் அதே அலமாரியில் படகின் கருநீலம் அப்படியே இருக்கிறது. பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் கடையில் கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் அடர்நிறத்தில் விரல் ரேகையும் உரசலும் அப்பட்டமாகத் தெரியும். பளபளக்கும் கிளாஸ் லேமினேஷன் போட்டதைத் துணியால் துடைத்துவிடலாம். கேலிக்கோ கட்டு நூல் தையல் என்பதால் இன்னும் உறுதி, ஆனால் பசையை ராமபாணப் பூச்சி தேடி வருகிறது. மேலுறைகள் மடிப்பில் கிழிய ஆரம்பித்ததால் அவற்றைக் கழற்றித் தனியாக பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். கடன் கொடுக்கும்போது வெறும் கேலிக்கோதான் போகும், அதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை.

படகுப் பதிப்பிலும் ஒரு குறை. முதுகில் 'புது வெள்ளம்', 'சுழற்காற்று' என்று பாகப் பெயர் இருக்கிறது, எண் இல்லை. தமிழ் தெரிந்தவர்களே எது முன்னால் எது பின்னால் என்று தடுமாறுகிறார்கள். கடைசியில் நானே ஸ்டிக்கர் வாங்கி 1 முதல் 5 வரை எழுதி ஒட்டினேன். கிளாஸ் லேமினேஷனில் ஸ்டிக்கர் நிற்கவில்லை. இப்போது பெர்மனென்ட் மார்க்கர்.