பிராதில் பிழை: திருத்துவதா, வாபஸ் வாங்கிப் புதிதாகப் போடுவதா?

நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது எதிராளி இடத்தில் தலையிடக்கூடாது என்ற தடை உத்தரவு கேட்டு ஒரு வழக்கு. பிரதிவாதியின் எதிருரை, அதாவது அவர் தரப்பு எழுத்துப்பூர்வ பதில், வந்து சேர்கிறது. படித்தால் இரண்டு அடி. பிராதின், அதாவது வழக்குத் தொடுக்கும்போது வாதி கொடுக்கும் மனுவின், சொத்து விவரத்தில் 112/2ஏ என்று இருக்க வேண்டிய சர்வே எண்ணை நாம் 112/2பி என்று தட்டச்சு செய்திருக்கிறோம். அது போதாதென்று, "இடமே என்னுடையது, வாதிக்கு உரிமையே கிடையாது" என்று பிரதிவாதி எழுதியிருக்கிறார். உரிமை மூலத்தையே தகராறாக்கிவிட்டால் வெறும் உறுத்துக்கட்டளை போதாது, விளம்புகையும், அதாவது உரிமை வாதிக்குத்தான் என்று நீதிமன்றம் அறிவிக்கும் தீர்ப்பும், கேட்க வேண்டியிருக்கும். கட்சிக்காரர் உடனே கேட்பார்: "சார், பேசாம வாபஸ் வாங்கிட்டு புதுசாவே போட்டுடலாமே?"

நியாயமான கேள்விதான். ஆனால் பெரும்பாலான வழக்குகளில் என் பதில் வேண்டாம் என்பதே.

உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 1908-இல் திருத்தத்துக்கான வழி கட்டளை 6 விதி 17. 1999-இல் இந்த விதியையே எடுத்துவிட ஒரு திருத்தச் சட்டம் வந்தது. வழக்கறிஞர்கள் கொதித்தார்கள். கடைசியில் 2002 ஜூலை 1 முதல் விதி ஒரு வாலோடு நடைமுறைக்கு வந்தது: விசாரணை தொடங்கிய பிறகு திருத்தம் கேட்டால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே கேட்க முடியவில்லை என்று நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். வாதி தரப்பில் முதல் சாட்சியின் ப்ரூஃப் அபிடவிட் (முதல் விசாரணைக்குப் பதிலாகத் தரும் சாட்சியப் பிரமாணப் பத்திரம்) தாக்கலாகிவிட்டால் விசாரணை தொடங்கிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் போனால் நீதிமன்றம் பொதுவாகத் தாராளமாகத்தான் இருக்கும். 1986-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் 2017-இல் கேட்ட திருத்தத்தைக்கூட, எல்.ஐ.சி. தரப்பின் ஆட்சேபத்தையும் மீறி, 2022-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. தாமதம் மட்டுமே காரணமாகத் திருத்தத்தை மறுக்க முடியாது. செலவுத்தொகை கட்டச் சொல்வார்கள், கட்டிவிட வேண்டியதுதான்.

வாபஸ் வழி கட்டளை 23 விதி 1. இதில் இரண்டு கதவுகள். சும்மா வாபஸ் வாங்கினால் அதே விஷயத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது, கதை முடிந்தது. புதிய வழக்குப் போட அனுமதியோடு வாபஸ் வாங்க வேண்டுமென்றால் உப விதி 3-இன்படி மனுப் போட்டு, முறைசார்ந்த குறைபாட்டால் வழக்கு தோற்றே தீரும் என்றோ, வேறு போதிய காரணம் இருக்கிறது என்றோ காட்ட வேண்டும். "பிராது சரியாக எழுதவில்லை, நல்லபடியாக எழுதிக் கொண்டுவருகிறேன்" என்பதைப் போதிய காரணமாக எந்த நீதிபதியும் எளிதில் ஏற்பதில்லை. சாட்சியம் முடிந்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்த பிறகு கேட்டால் இன்னும் கஷ்டம். அனுமதி கிடைத்தாலும் புதுப் பிராதுக்கு நீதிமன்றக் கட்டணம் முதலிலிருந்து.

ஆனால் பணத்தைவிடப் பெரிய விஷயம் காலவரையறை. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

எதிருரையில்தான் உங்கள் உரிமை முதன்முதலாக மறுக்கப்படுகிறது, தேதி 2022 ஆகஸ்ட் 10 என்று வைத்துக்கொள்வோம். விளம்புகைக்குக் காலவரையறைச் சட்டத்தின் ஷரத்து 58 தரும் காலம் மூன்று ஆண்டு. 2025 ஜூனில் திருத்த மனுப் போட்டால் தப்பித்தீர்கள். மனு மீது உத்தரவு டிசம்பரில் வந்தாலும், விளம்புகையை ஜூனில் கேட்டதாக வைத்துக்கொள்ளலாம். 2002-இல் ஒரு விவசாய நில வழக்கில், 11 ஆண்டு கழித்து விளம்புகையும் சுவாதீனமும் (இடத்தைக் கையில் ஒப்படைப்பதும்) கேட்டுப் பிராதைத் திருத்த அனுமதித்த உச்ச நீதிமன்றம், அந்தப் பரிகாரங்கள் திருத்த மனுப் போட்ட தேதியில் கேட்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்றது.

அதே ஜூனில் வாபஸ் மனுப் போட்டு, நாலு வாய்தா ஓடி, டிசம்பரில் அனுமதி வாங்கிப் புது வழக்குப் போட்டால்? கட்டளை 23 விதி 2 சொல்கிறது: முதல் வழக்கே போடப்படவில்லை என்பதுபோல் காலத்தை எண்ணு. ஆகஸ்டிலேயே காலம் முடிந்துவிட்டது. நீதிமன்ற அனுமதி கையில் இருக்கும், வழக்கு செத்திருக்கும். காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 14 காப்பாற்றுமே என்பார்கள். அது அதிகாரவரம்புக் குறை போன்ற காரணத்தால் முதல் வழக்கு தோற்றே ஆக வேண்டும் என்று அனுமதி கிடைத்த வழக்குகளுக்கு மட்டும்தான். சர்வே எண்ணைத் தப்பாக அடித்ததற்கு அந்தக் குடை விரியாது.

அப்போ வாபஸ் எப்போது மேல்? அரசைப் பிரதிவாதியாக்கிவிட்டு, உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் பிரிவு 80 கேட்கும் இரண்டு மாத முன்னறிவிப்பையே அனுப்பாமல் விட்டிருந்தால், அதற்கு விலக்கும் வாங்கவில்லை என்றால், திருத்தம் கைகொடுக்காது. வழக்குப் போடும் முன்பே நடந்திருக்க வேண்டிய காரியத்தை, பிராதில் திருத்தத்தை ஏற்றுகிற சிவப்பு மையில் எழுதிச் சேர்க்க முடியுமா? இதுபோன்ற இடத்தில் காலம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அனுமதியோடு வாபஸ் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சிலர் மூன்றாவதாக ஒரு குறுக்குவழி பிடிப்பார்கள்: கட்டளை 8 விதி 9-இல் ஒரு பதிலுரை போட்டு, விட்டுப்போனதை அதில் நுழைத்துவிடுவது. எதிருரைக்கு விளக்கம் சொல்ல அது சரி. புதிய பரிகாரமோ, முந்தைய பிராதுக்கு முரணான கதையோ அதில் ஏறாது. கட்டளை 6 விதி 7 குறுக்கே நிற்கும்.

திருத்தம் என்று முடிவெடுத்தால், ஒரு மனுவிலேயே எல்லாவற்றையும் கேளுங்கள்: சொத்து விவரம், வழக்கு மூலம் (வழக்குப் போடக் காரணமான நிகழ்வுகள்) பற்றிய பத்தி, நீதிமன்றக் கட்டணத்துக்கான மதிப்பீடு, பரிகாரம். பரிகாரத்தில் விளம்புகையைச் சேர்த்துவிட்டு மதிப்பீட்டுப் பத்தியைத் தொடாமல் விட்ட பிராதுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், உத்தரவு வாங்கியதோடு வேலை முடியவில்லை. உத்தரவில் கெடு சொல்லாவிட்டால், கட்டளை 6 விதி 18-இன்படி 14 நாளுக்குள் பிராதில் திருத்தத்தை ஏற்றியாக வேண்டும். தவறினால் கால நீட்டிப்புக்கு இன்னொரு மனு. அதனால் உத்தரவு வந்த அன்று மாலையே குமாஸ்தா கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்துவிடுவேன்.